அது ஆட்டிறைச்சிதான்

அது ஆட்டிறைச்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒருவரும் இதை வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை. நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் மாமா மான் அடித்த கதையை எடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு என்னைக் காட்டி, "இவள்தான் அண்டைக்கு ஆடு, ஆடெண்டு நிண்டவள்" என்பார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. உண்மையைச் சொன்னவள் கோமாளி, பொய்யைச் சொன்னவர் கதாநாயகன். நான் இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். குழாயில் இருப்பது இன்னதுதான் என்று பிழையில்லாமல் சொல்வது என் தொழில். பத்து வயதிலும் அதைத்தான் செய்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது ஏச்சு.

அப்போது நாங்கள் ஜெர்மனியின் ஹம் நகரில், ரயில் பாதையோரத் தொடர்மாடி ஒன்றில் இருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அடுத்த தெருவில் தனியாக இருந்தார். கம்பி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வயது நாற்பதை நெருங்கியும் கலியாணம் ஆகவில்லை. அதற்கு அவருடைய வாய்தான் காரணம் என்று அப்பா சொல்வார். மாமா ஒரு புழுகன். அவர் வாய்க்காலில் பிடித்த மீன் எங்கள் வீட்டுப் படியேறுவதற்குள் ஒரு முழம் வளர்ந்துவிடும். ஆனாலும் அவர் வந்தால் வீடு கலகலப்பாக இருக்கும் என்பதால் ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டு, பிறகு பெண் கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டார்கள்.

அந்த வருடம் வேலையிடத்து ஜெர்மன்காரர் ஒருவர் அவரை வில்வித்தைச் சங்கம் ஒன்றில் சேர்த்துவிட்டார். சக்கரமும் குறிபார்க்கும் கண்ணாடியும் பூட்டிய புதுமாதிரி வில் அல்ல. பழைய காலத்து நெட்டை மர வில், மரத்தில் சீவிய அம்பு, அம்பின் வாலில் வாத்திறகு. அந்த இறகுகளை மாமா எங்கள் சமையலறை மேசையில் வைத்துத்தான் ஒட்டுவார். பசை மணத்தில் இடியப்பம் சாப்பிட்டது நாங்கள். சனிக்கிழமைகளில் தோலாலான அம்புக்கூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். எங்கே என்று கேட்டால், "மானுக்குப் போறன்" என்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் மாமா இல்லையே. வில்லோடு தான் நிற்க, பின்னால் மரங்களுக்கிடையில் ஒரு மான் தெரிய, படம் எடுத்து ஸ்டுட்கார்ட்டில் இருந்த பெரியப்பாவுக்கு அனுப்பினார். பெரியப்பா அப்பாவின் அண்ணன். இளவயதில் ஊரில், இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு வன்னிக்காடு முழுக்க வேட்டைக்குத் திரிந்தவர். மான், மரை, பன்றி என்று அவர் தின்னாத இறைச்சி இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு அவர் அன்றே தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, மான் இறைச்சி சாப்பிட்டுக் கனகாலம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாறம்" என்றார்.

நாங்கள் என்றால் பெரியப்பா, பெரியம்மா, அவர்களோடு இருந்த ஓர் அக்கா. அந்த அக்கா பெரியம்மாவின் தங்கை மகள். இங்கே ஒருவருக்குக் கலியாணம் பேசி ஊரிலிருந்து வந்தவர். "முதல் கலியாணம் சரிவரேல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள், அவ்வளவுதான், மேலே போக மாட்டார்கள். இப்போது அந்த அக்காவை எங்கள் வீட்டில் மாமாவுக்குக் கேட்டிருந்தார்கள். ஊரில் இருந்த தாய்தகப்பன், பெரியப்பா என்ன சொல்கிறாரோ அதுதான் என்று விட்டிருந்தார்கள். ஆக, மான் இறைச்சி சாப்பிட வருவது ஒரு சாட்டு. பெரியப்பா மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்தார். இது பத்து வயதான எனக்கே தெரிந்திருந்தது.

எனக்கும் இதில் ஒரு வழக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைகளில் வட்டமாக இருந்து, சனி ஞாயிறு என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். என் மாமா வில்லால் மான் அடிக்கிறவர் என்று நான் பெருமையாகச் சொன்னேன். வகுப்பில் ஒருவனுடைய அப்பா உரிமம் வைத்திருக்கிற வேட்டைக்காரர். அவன் எழும்பி, அது சுத்தப் பொய் என்றான். ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடத் தடை, செய்தால் போலீஸ் வரும் என்றான். ஆசிரியையும் தலையை ஆட்டி, நீ பிழையாக விளங்கியிருப்பாய் என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்கு உறைத்தது. என்னைப் பொய்க்காரி என்று நேரே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஒரு கொம்பாவது கொண்டுவந்து இவர்கள் முன்னால் போடுவது என்று முடிவு செய்தேன். அந்தச் சனிக்கிழமை, அழுது அடம்பிடித்து, மாமாவின் காரில் ஏறினேன்.

ஹம்மிலிருந்து தெற்கே போனால் காடும் மேடுமாக இருக்கும். காட்டு வாசலில் ஒரு பலகையில் விதிகள் எழுதியிருந்தன. நான் வாசிக்கப் போனேன். மாமா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே போனதும் மாமா வேறு ஆளாகிவிட்டார். வாய் மூடிவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு சருகைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார். பாசி படிந்த இடங்களாகப் பார்த்துக் கால் வைத்தார். நானும் அதே இடத்தில் கால் வைத்துப் பின்னால் போனேன். ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் முழங்காலில் இருந்து, என்னையும் குனியச் சொல்லி, விரலால் காட்டினார். புதருக்கு அப்பால் ஒரு மான் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. மாமா நாணைக் கன்னம்வரை இழுத்தார். விட்டார். அம்பு போய் மானின் விலாவில் குத்தி நின்றது.

மான் விழவில்லை. ஓடவும் இல்லை. அம்பு குத்தியதைப் பற்றி அதற்கு ஓர் அபிப்பிராயமும் இருக்கவில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அது றப்பர். வில்வித்தைச் சங்கத்தார் அம்பு பழகுவதற்காக, கால்களை இரும்புக் கம்பி குத்தி நிலத்தில் நிறுத்தியிருந்தார்கள். விலாவில் பழைய ஓட்டைகளை அடைத்த ஒட்டு. ஒரு காதுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"மாமா, இது பொம்மை" என்றேன்.

"ஓம்" என்றார், அம்பை மெல்லத் திருகி எடுத்துக்கொண்டு.

"பெரியப்பாவிட்டை மான் எண்டு சொன்னனீங்கள்."

"மான்தானே. மாடெண்டு நான் சொல்லேல்லையே."

இப்படிக் கதைக்கிற மனிதரோடு என்ன செய்வது. பொம்மை மானுக்காக நான் வகுப்பில் பொய்க்காரி ஆனேன் என்று நினைக்க எனக்குக் கண்ணீர் வந்தது. அவரோ அடுத்த வளைவில் றப்பர்ப் பன்றியையும், அதற்கடுத்த பள்ளத்தில் றப்பர்க் கரடியையும், அதே பக்தியோடு, மூச்சைப் பிடித்து, பதுங்கிப் பதுங்கிப் போய் அடித்தார். வளர்ந்த மனிதர். கரடி ஓடிவிடும் என்று என்னைப் பேச வேண்டாம் என்றார்.

பிறகு ஒரு வெளி வந்தது. அங்கே இன்னொரு றப்பர் மான் நின்றது. மாமா அம்பை நாணில் பூட்டிக்கொண்டு நிமிர, அதற்குப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு மான் வந்தது. உண்மையான மான். பொம்மையை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, அதன் காலடியில் இருந்த புல்லைக் கடிக்கத் தொடங்கியது. அவ்வளவு கிட்டத்தில், றப்பர்க் கரடியைக்கூடப் பிழைவிடாத கைக்கு, அது ஒரு வேலையே இல்லை.

"மாமா, அடியுங்கோ" என்று காதுக்குள் சொன்னேன்.

மாமா வில்லைத் தாழ்த்தினார்.

"அடியுங்கோ" என்று கத்தினேன். மான் நிமிர்ந்து பார்த்தது, நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் போட்டது, போய்விட்டது. மாமா அது போன திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க ஏலாமல் போயிற்று. அவருடைய அம்புக்கூட்டில் ஒன்று மட்டும் தனி அழகாக இருக்கும். நீலக் கோடு போட்டு, வெள்ளை இறகு வைத்து, எங்கள் மேசையில் ஒரு வாரம் மினக்கெட்டுச் செய்தது. அதை உருவினேன். முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தேன். "நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி. பொய்க்காரன்" என்று, காடு கேட்கக் கத்தி, துண்டுகளை அவர் காலடியில் எறிந்தேன்.

மாமா அந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தார். குனிந்து எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முழங்கால் நோகுதோ?" என்று கேட்டார்.

நோகத்தான் செய்தது. நான் சொல்லவில்லை. திரும்பும்போது வாசல் பலகையை வாசித்தேன். உயிருள்ள விலங்கைக் கண்டால் வில்லைத் தாழ்த்தி, அது போகும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வகுப்பில் அந்தப் பையன் சொன்னது சரி. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

வரும் வழியில் மாமா காரைத் துருக்கி இறைச்சிக் கடை முன்னால் நிறுத்தினார். என்னை இறங்க வேண்டாம் என்றார். கடைக்குக் கண்ணாடிக் கதவு. என் கண்ணுக்குமுன் கடைக்காரர் ஓர் ஆட்டுத் தொடையைத் தூக்கி மின்வாளில் வைத்து அறுத்தார். மாமா பொதியோடு வெளியே வந்து, அதில் ஒட்டியிருந்த விலைத்துண்டை உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். சாப்பிட்டேன். ஆனால் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அம்மா பொதியைப் பிரித்து இறைச்சியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"மானோ?" என்றார்.

"மான்தான் அக்கா."

"கொழுப்பு நல்லாக் கிடக்கு."

"இஞ்சத்த மான் நல்லாத் தின்னும் எல்லோ."

அம்மா கத்தியை எடுத்தார். ஒரு சொக்கிலேட் எடுத்ததை ஒளித்ததற்கு என்னைச் சாமிப்படத்துக்கு முன்னால் நிற்கவைத்த அதே அம்மா. நான் அருகில் போய், "அம்மா, அது ஆடு" என்றேன். "போய்க் குளி" என்றார்.

அடுத்த நாள் அவர்கள் வந்தார்கள். கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா சமையலறையில் அம்மாவுக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்தார். மெல்லிய குரல், கேட்டதற்கு மட்டும் பதில். மாமா தண்ணீர் எடுக்க உள்ளே வந்தபோது, அவர் கை பட்டு ஒரு சட்டி மூடி கீழே விழுந்து உருண்டது. அக்கா ஒரே பாய்ச்சலில் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் கையைப் பிடித்தார். ஒரு மூடிக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. மூடியை எடுத்துச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்காமலே போனார்.

மேசையில் பெரியப்பாவுக்குத்தான் முதல் சோறு, முதல் கறி. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தன் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னொன்று. எலும்பை உறிஞ்சினார். நான் எழும்பினேன்.

"பெரியப்பா, இது மான் இல்லை. ஆடு. துருக்கிக் கடையில வாங்கினது, நான் கண்டனான். மாமா அடிச்சது றப்பர் மானுக்கு."

வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே ஒரு முழு ஆட்டுத் தொடை கிடந்தது, அதுவும் சோற்றுக்கு மேலே. அப்பாவும் அதே வன்னியில் பிறந்தவர்தான். அவர் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எலும்பைக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

"மான்தான். நல்ல இளம் மான்" என்றார். "இன்னும் ரெண்டு துண்டு போடு தங்கச்சி."

மேசை மூச்சு விட்டது. அம்மா எனக்கு மட்டும் கேட்க, "பெரியாக்களை மரியாதை இல்லாமல் பொய்யர் ஆக்கிறியோ, அறைக்குப் போ" என்றார். போனேன். திங்கட்கிழமை ஒரு பொய்யைத் தெரியாமல் சொன்னதற்குப் பொய்க்காரி ஆனேன், இப்போது உண்மையைத் தெரிந்து சொன்னதற்கும் பொய்க்காரி. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பசியும் இருந்தது. கறி மணம் கதவுக்குக் கீழால் வந்துகொண்டேயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வந்தார். என் சின்னக் கட்டிலில் இருந்தார். கைத்தொலைபேசியை எடுத்து மாமாவின் படத்தைக் காட்டினார்.

"மனிசன் முதுகைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நிக்க, பின்னால மான் நிண்டு வேடிக்கை பாக்குமோ பிள்ளை? படம் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் மான் எண்டு சொன்னனீங்கள்?"

"அதை விடு. காட்டில என்ன நடந்ததெண்டு ஒண்டும் விடாமல் சொல்லு."

அதுவரை ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. கொட்டித் தீர்த்தேன். றப்பர் மான், கரடி, உண்மையான மான், வில்லைத் தாழ்த்திய கோழைத்தனம், எல்லாம். இந்தக் கலியாணம் இதோடு நின்றுவிட வேண்டும் என்று மனமார விரும்பினேன். ஒரு புழுகனுக்கு அதுதான் சரியான தண்டனை. அம்பை முறித்த இடத்துக்கு வந்ததும் பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்த அம்பு?"

"அவற்ற ஆக நல்ல அம்பு. வெள்ளை இறகு வைச்சது."

"முறிச்சாப்பிறகு அவன் என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. முழங்கால் நோகுதோ எண்டு கேட்டவர்."

"ஏசேல்லையோ?"

"இல்லை."

"கையைப் பிடிச்சுக் குலுக்கேல்லை? அவ்வளவு நீ பேசியும்?"

"இல்லை பெரியப்பா. நான்தான் அவரைப் பேசினது."

பெரியப்பா அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்குக் காது மந்தமோ என்று நினைத்தேன். பிறகு எழும்பி, "அக்கா பல்கனியில நிக்கிறா. மானை விடு, ஆட்டையும் விடு. அம்பை முறிச்சதை மட்டும் போய் அவவுக்குச் சொல்லு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வழக்கின் முக்கியமான சாட்சியம் முழுவதையும் தள்ளிவிட்டு, நடுவில் கிடந்த ஓர் உப்புச்சப்பில்லாத துண்டை எடுத்துக் கொடுக்கிறார். இருந்தாலும் போனேன், ஒருவராவது கேட்கட்டும் என்று.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றார். சொன்னேன். அவர் திரும்பினார். "அடிக்கேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டை வந்தாப்பிறகும்?" என்றார். "வாற வழியில ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர்" என்றேன், அது லஞ்சம் என்பதையும் சேர்த்து. அக்கா என் முழங்காலைப் பார்த்தார். அங்கே இலேசாகக் கன்றியிருந்தது. அதை ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளே போய், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், ஒரு கோப்பை எடுத்து, தானே சோறு போட்டு, அந்த ஆட்டிறைச்சிக் கறியை விட்டுச் சாப்பிட அமர்ந்தார். மாமா இருந்த கதிரைக்கு அடுத்த கதிரையில்.

அவரைத்தான் இப்போது மாமி என்கிறேன்.

அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பா கை ஓங்கி நான் கண்டதில்லை. கோபம் வந்த மனிதன் அடிக்காமல் விடுவதைக் கேட்டு அறிவதற்காக ஒருத்தி ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஹம்முக்கு வர வேண்டியிருந்தது என்று யாராவது சொல்லியிருந்தாலும், அதையும் மாமாவின் புழுகு என்றுதான் நினைத்திருப்பேன். பத்து வயதில் என்னிடம் இருந்த கோபம் முழுவதையும் ஒரு சட்டி ஆட்டிறைச்சியில் செலவழித்துவிட்டேன். கோபிக்கப்பட வேண்டியவன், அக்காவின் முதல் மாப்பிள்ளை, வேறு ஏதோ ஊரில், தன் வீட்டில், அந்த ஞாயிற்றுக்கிழமையும் வயிறாரச் சாப்பிட்டிருப்பான். அவன் பெயரைக்கூட ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.